ரோபோ கிட்டைச் சீக்கிரம் பூட்டுவது எப்படி? செயல்விளக்கம் நடத்தப் போகிறவர்களுக்கு

கடையில் கிடைக்கும் இரண்டு சக்கர ரோபோ கிட், கூட்டத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. ஒருவர் மேசை முன்னால் உட்கார்ந்து, ஒரு விடுமுறை நாளில் நிதானமாகப் பூட்டுவார் என்று நினைத்துச் செய்தது அது. அதையே 30 பிள்ளைகள், 10 கிட், 45 நிமிடம் என்ற கணக்கில் ஒரு அறைக்குள் கொண்டுபோனால், நேரம் முடியும்போது பாதி மேசைகளில் ரோபோவுக்கு ஒரு சக்கரம்தான் இருக்கும். மீதி மேசைகளில் எல்லாம் இருக்கும், ஆனால் ஓடாது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். வரவேற்று, நான்கு வார்த்தை பேசி, குழு பிரிக்க 10 நிமிடம். கடைசியில் எடுத்து வைக்க 5 நிமிடம். மிச்சம் 30. ரோபோவை ஓட்டி, சுவரில் மோதவிட்டு, "ஏன் ஒரு பக்கமாகவே இழுக்கிறது?" என்று கேட்க அதில் பாதியாவது வேண்டும். ஆக, பூட்டுவதற்கு 15 நிமிடம்தான். அந்த 15 நிமிடத்துக்குள் எப்படி வருவது என்பதுதான் இங்கே பேச்சு. எல்லோரும் பார்த்திருக்கும் கிட்டையே எடுத்துக்கொள்கிறேன்: அக்ரிலிக் தகடு, பற்சக்கரப் பெட்டியோடு வரும் மஞ்சள் நிற டிடி மோட்டார் இரண்டு, முன்னால் ஒரு உருளைச் சக்கரம், 4 ஏஏ பேட்டரி பெட்டி, நிரலை ஓட்டும் ஆர்டுயினோ உனோ போர்டு, அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர். உங்கள் கிட் வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

1. நேரம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

நீங்களே பூட்டிப் பார்த்து நேரம் எடுக்காதீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். இதுவரை கிட்டைத் தொடாத ஒருவரிடம் கொடுத்து, போனில் அவர் கைகளை மட்டும் வீடியோ எடுங்கள். வாயைத் திறக்கக் கூடாது, உதவவும் கூடாது.

அப்புறம் அந்த வீடியோவை ஓடவிட்டு, கை நிற்கும் இடங்களைக் குறியுங்கள். பொருளைத் தேடுகிறாரா, திருகை முடுக்குகிறாரா, எந்த வயர் எங்கே என்று படம் பார்க்கிறாரா, ஓடாததற்குக் காரணம் தேடுகிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் போனது என எழுதுங்கள். திருகுகள்தான் நேரத்தைத் தின்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். திருகுக்கு ஆகும் நேரம் முன்கூட்டியே தெரியும், அதைத் திட்டத்தில் வைத்துவிடலாம். தப்பாக மாட்டிய ஒரு வயரைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம்தான் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் ஒரு வகுப்பைக் கவிழ்ப்பது அதுதான்.

2. பிள்ளைகள் செய்ய வேண்டியது எது?

தொழிற்சாலை இயந்திரங்களில் அச்சு மாற்றும் நேரத்தைக் குறைக்க ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ ஒரு வழி சொன்னார். இயந்திரத்தை நிறுத்தினால்தான் செய்ய முடியும் என்ற வேலைகளை ஒரு பக்கம் வை, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடியதை இன்னொரு பக்கம் வை, முதல் பக்கத்திலிருந்து முடிந்தவரை இரண்டாவது பக்கத்துக்கு நகர்த்து. நமக்கும் இது அப்படியே பொருந்தும். பிள்ளைகள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்பது எது, முந்தின நாளே முடிக்கக்கூடியது எது என்று பிரிக்க வேண்டும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு வேலையைப் பற்றியும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைச் செய்வதால் பிள்ளைக்கு ரோபோவைப் பற்றி ஏதாவது தெரியவருகிறதா? மோட்டாரைத் தகட்டில் பொருத்தினால் தெரியவருகிறது, எது சுழல்கிறது என்று. சக்கரத்தை அச்சில் அழுத்துவது, மோட்டார் வயரை டிரைவரில் செருகுவது, சென்சாரை முன்னால் வைப்பது எல்லாம் அப்படித்தான். அக்ரிலிக் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதத்தை உரிப்பதில் எதுவும் தெரியவராது. வயரின் நுனியைச் சீவுவதிலும் இல்லை. நட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு திருகுவதில் எரிச்சல் மட்டும்தான் வரும்.

காகிதம் உரிப்பது பிள்ளைகளுக்குக் கொள்ளைப் பிரியம் என்பது வேறு விஷயம். ஒரு சின்னத் துண்டை மட்டும் உரிக்காமல் விட்டுவையுங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே பூட்டிக் கொண்டுபோனால் பிள்ளைகள் கையில் இருப்பது ரிமோட் கார். அதை ஓட்ட யாரும் பட்டறைக்கு வர வேண்டியதில்லை. என் கணக்கில், ஐந்தாறு இணைப்புகளாவது அவர்கள் கையால் நடக்க வேண்டும், ஒவ்வொன்றும் பெரிய, கண்ணுக்குத் தெரிகிற இணைப்பாக.

3. பாகங்களைக் குறையுங்கள்

பூட்டுவதை எளிதாக்கும் வடிவமைப்பு பற்றி ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் ட்யூஹர்ஸ்ட்டும் மூன்று கேள்விகளைக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பாகம் மற்றவற்றை ஒப்பிட்டு நகர வேண்டியதா? இது வேறு பொருளால் ஆனதாகத்தான் இருக்க வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்றதைப் பூட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அந்தப் பாகம் தனியாக இருக்கத் தேவையில்லை.

இரண்டடுக்கு சேசிஸை, அதாவது ரோபோவின் உடல் சட்டத்தை, எடுங்கள். மேல் தகடு, அதைத் தாங்க 4 தூண், தூணுக்கு மேலும் கீழுமாக 8 திருகு. மொத்தம் 13 பாகம். மேல் தகடு நகர்வதில்லை, வேறு பொருளும் இல்லை. போர்டு கீழ்த்தகட்டிலேயே இடம் பிடித்தால் இந்த 13-ம் போய்விடும். வேகத்தைக் கூட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. பேட்டரி பெட்டியைத் தாங்கும் திருகுகளும் அப்படித்தான்: ஒரு துண்டு வெல்க்ரோ போதும்.

4. திருகுகள்

எம்3, அதாவது 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள திருகின் மரை இடைவெளி 0.5 மில்லிமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் நகர இரண்டு முழுச் சுற்று. டிடி மோட்டாரின் தடிமன் 19 மில்லிமீட்டருக்குப் பக்கம். இருபுறமும் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் துண்டு வைத்தால் 25. அதில் 30 மில்லிமீட்டர் திருகைப் போட்டால் 5 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தூரத்தை நட் கடக்க 10 சுற்று. ஒரு மோட்டாருக்கு இரண்டு, இரண்டு மோட்டாருக்கு நான்கு திருகு, ஆக 40 சுற்று. சின்னக் கைகள், வழுக்கும் நட், ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

எனவே மோட்டாரையும் அதன் தாங்கியையும் முன்கூட்டியே ஒன்றாக்கிவிடுங்கள். இது ஒருமுறை பூட்டி அப்படியே விடும் இணைப்பு என்பதால் உள்ளே நைலான் வளையம் உள்ள பூட்டு நட் போடலாம், அதிர்வில் கழலாது. திருகு கழலாமல் இருக்க ஊற்றும் பசையை மட்டும் அக்ரிலிக் பக்கத்தில் தொடாதீர்கள். அது பட்ட இடத்தில் அக்ரிலிக் வெடிப்பு விடும்.

பிள்ளைகள் பூட்ட வேண்டிய இணைப்புகளுக்குப் பல வழி இருக்கிறது.

திருகு தேவைப்படும் இடத்தில் நட்டைத் தகட்டோடு சிறை வைத்துவிடுங்கள். எம்3 நட்டின் எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 5.5 மில்லிமீட்டர். அதைவிட மயிரிழை பெரிதான அறுகோணக் குழியை 3டி பிரிண்டரில் அச்சடித்து, நட்டை உள்ளே அழுத்திவிட்டால் இன்னொரு கையால் பிடிக்க வேண்டியதில்லை. அச்சடித்த சேசிஸாக இருந்தால் சால்டரிங் இரும்பால் சூடாக்கி உள்ளே இறக்கும் பித்தளை மரைக்குழல் இன்னும் நல்லது, பல தடவை கழற்றிப் பூட்டலாம். மேலே விரலால் திருகும் தலை உள்ள திருகைப் போட்டால் ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம்.

கனம் தாங்க வேண்டாத இடத்தில் நைலான் அழுத்து ஆணி. துளையில் வைத்து நடு ஊசியை அழுத்தினால் முடிந்தது. போர்டு, சென்சார் தாங்கி இவற்றுக்கு இது போதும்.

மோட்டார் தாங்கிக்கே திருகில்லாத வழி வேண்டுமென்றால் தகட்டில் நீளத் துளை வெட்டி, தாங்கியின் நாக்கு அதில் நுழைந்து பக்கவாட்டில் நகர்ந்து பூட்டிக்கொள்ளும்படி செய்யலாம். லேசர் வெட்டு வசதி இருந்தால் மட்டும் இந்த வழி. அக்ரிலிக் வளையாது, உடையும். வளைந்து 'டக்'கென்று பூட்டும் கொக்கியை அதில் முயற்சி செய்யாமல் அச்சடித்த பிளாஸ்டிக்கில் செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் பிள்ளைகள் கைக்கு வரும் திருகெல்லாம் ஒரே அளவு, ஒரே தலை. 8, 10, 12 மில்லிமீட்டர் மூன்றும் கலந்திருந்தால் பிள்ளைகள் தவறானதைத்தான் முதலில் எடுப்பார்கள். 12-ஐ எல்லா இடத்திலும் போட முடிகிறதா என்று பாருங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும்.

5. வயர்கள்: உண்மையான வேலை இங்கேதான்

டிடி மோட்டாரின் முனையில் இருக்கும் செப்புத் தகடு மெல்லியது. வயரை இரண்டு முறை இழுத்தால் பிய்ந்துவிடும், அப்புறம் மோட்டாரையே தூக்கிப் போட வேண்டியதுதான். முந்தின வாரமே உட்கார்ந்து எல்லா மோட்டாருக்கும் வயரைச் சால்டர் செய்து, வயரை மோட்டார் உடலோடு கேபிள் டை போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் ஹாட் க்ளூ விடுங்கள். இழுப்பு சால்டர் மேல் விழக்கூடாது என்பதுதான் நோக்கம். அதே உட்காரலில் இரண்டு முனைக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றையும் வைத்துவிடுங்கள். மோட்டார் பிரஷ் எழுப்பும் மின்சத்தம் குறையும், போர்டு காரணமில்லாமல் ரீசெட் ஆவதும் குறையும்.

இடது, வலது மோட்டார்கள் எதிரெதிரே பார்த்து உட்கார்கின்றன. ஒரே மாதிரி வயர் கொடுத்தால் ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் சுழன்று ரோபோ நின்ற இடத்தில் பம்பரமாகும். சால்டர் செய்யும்போதே ஒரு பக்கத்துக்குச் சிவப்பு கறுப்பை மாற்றி வைத்து, வயரின் மறுமுனையில் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் 2 முனை ஜேஎஸ்டி எக்ஸ்எச் கனெக்டர் போட்டுவிட்டால் அந்தக் கதை முடிந்தது. அதற்கு ஜோடியான பெண் முனையை எல்298என் போர்டின் திருகு முனைகளில் நிரந்தரமாக இறுக்கிவையுங்கள்.

அடுத்து டிரைவருக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவே. ஒற்றை ஒற்றையாக ஜம்பர் வயர் கொடுத்தால் நான்கு வயர், எட்டு முனை, எட்டிலும் தப்பு வரலாம். இதை ஒரே கனெக்டராக்க முடியும்:

ஜம்பர் வயரின் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை ஊசியால் லேசாகத் தூக்கினால் உள்ளே உள்ள உலோக முனை கழன்று வரும். நான்கு வயரையும் அப்படிக் கழற்றி, நான்கு துளை உள்ள ஒரே உறையில் வரிசையாகச் செருகுங்கள். இருபக்கமும். எல்298என் போர்டில் கட்டளை வாங்கும் பின்களான ஐஎன்1 முதல் ஐஎன்4 வரை பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. உனோவில் 4, 5, 6, 7 ஆகிய பின்களும் அப்படியே. இதில் 5-ம் 6-ம் பிடபிள்யூஎம் கொடுப்பவை, அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பவை. ஐஎன்2, ஐஎன்3 இரண்டுக்கும் அவை போவதால் இரண்டு மோட்டாரின் வேகத்தையும் கட்டுப்படுத்த முடிகிறது, டிரைவரில் மோட்டார்களை இயங்க அனுமதிக்கும் இஎன்ஏ, இஎன்பி பின்கள் இரண்டிலும் ஜம்பர் தொப்பி அப்படியே இருக்கட்டும்.

இந்த வரிசையில் இன்னொரு வசதி இருக்கிறது. பிள்ளை ஒரு பக்கத்து கனெக்டரைத் தலைகீழாகச் செருகினாலும் பிடபிள்யூஎம் பின்கள் மறுபடியும் ஐஎன்2, ஐஎன்3-க்கே போய்ச் சேரும். இடதும் வலதும் இடம் மாறும், மோட்டார் வயர் மாட்டிய விதத்தைப் பொறுத்து ரோபோ பின்னால் போகவும் கூடும், அவ்வளவுதான். எதுவும் எரியாது.

தப்பு நடக்கும் என்றே எடுத்துக்கொண்டு, நடந்தால் என்ன ஆகும் என்று பார்த்து வடிவமைக்க வேண்டும். சிக்னல் வயர் மாறினால் ரோபோ கோணலாகப் போகும், சிரித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி வயர் மாறினால் போர்டு போய்விடும். அதனால் பேட்டரிக்கு மட்டும் ஒரு பக்கமாகவே நுழையும் கனெக்டர் கட்டாயம், அதுவும் மோட்டாருடையதிலிருந்து வேறு வகையாக, ஒன்றின் இடத்தில் மற்றது நுழையவே முடியாதபடி.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், உனோவின் மேலேயே அமர்ந்துகொள்ளும் மோட்டார் டிரைவர் போர்டு, அதாவது மோட்டார் ஷீல்டு, வாங்கிவிடுங்கள். இந்த நான்கு வயர் பேச்சே இருக்காது.

6. பேட்டரி

எல்298என் பழைய வகை. உள்ளேயே சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 4 ஆல்கலைன் பேட்டரி 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போவது 4 வோல்ட். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி என்றால் ஒன்றுக்கு 1.2 வோல்ட், நான்குக்கு 4.8, மோட்டாருக்கு 3-க்கும் குறைவு. ரோபோ முனகும், நகராது. கூட்டத்தில் இதைப் 'பழுது' என்று நினைத்து வயரையெல்லாம் கழற்றிப் பார்ப்பார்கள். ரீசார்ஜ் பேட்டரிதான் வேண்டும் என்றால் டிபி6612 போன்ற, மாஸ்ஃபெட் என்ற புதுவகை டிரான்சிஸ்டர் உள்ள டிரைவருக்கு மாறுங்கள், இழப்பு மிகக் குறைவு.

போர்டுக்கு மின்சாரம் எங்கிருந்து என்பதையும் சேர்த்து யோசியுங்கள். உனோவின் வட்டத் துளைக்கு 7 வோல்ட்டாவது பரிந்துரைக்கப்படுகிறது, 4 ஏஏ அதற்குப் போதாது. யுஎஸ்பி வழியாக ஒரு சின்னப் பவர் பேங்க் கொடுத்து, மோட்டாருக்கு மட்டும் ஏஏ வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. கிரவுண்ட் (மைனஸ்) வயர் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

பேட்டரியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பெட்டிக்கு மூடியும் ஸ்விட்சும் இருக்கட்டும். ஒரு பேட்டரியின் முனையில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சொருகி வெளியே நீட்டிவிட்டால், வழியில் ஸ்விட்ச் தட்டுப்பட்டாலும் தீராது. பட்டையை இழுப்பது பிள்ளைகளின் வேலை. தனித்தனி 18650 லித்தியம் செல்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சாவிக்கொத்தோ திருகோ குறுக்கே பட்டாலே தீப்பிடிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும்.

7. நிரல்

அறையில் யாரும் நிரலை ஏற்றக் கூடாது. எல்லாப் போர்டிலும் ஒரே நிரல், முன்பே. அதில் முதலில் நடக்க வேண்டியது ஒரு தன்சோதனை: பேட்டரி ஸ்விட்சைப் போட்டு, போர்டுக்கும் மின்சாரம் கொடுத்ததும் இடது சக்கரம் அரை நொடி முன்னால், பிறகு வலது சக்கரம் அரை நொடி, பிறகு ஒரு பீப். இவ்வளவு போதும். இடது சுழலவில்லை என்றால் இடது கனெக்டர். வலது முதலில் சுழன்றால் நடு கனெக்டர் தலைகீழ். பீப் கூட இல்லை என்றால் மின்சாரம். பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள், உங்களை அழைக்க வேண்டியதில்லை.

ப்ளூடூத் வைத்திருந்தால் அதன் பெயரை முன்பே மாற்றுங்கள். எச்.சி-05 என்ற ப்ளூடூத் போர்டுகள் எல்லாம் ஒரே பெயரோடு வரும். பத்து ரோபோ ஒரே பெயரில் இருந்தால் யார் எதை ஓட்டுகிறார்கள் என்றே தெரியாது. ரோபோ 1, ரோபோ 2 என்று வைத்து, அதே எண்ணைத் தகட்டில் பெரிதாக எழுதுங்கள். உனோவுக்குப் பதில் மைக்ரோபிட் என்ற சின்னப் போர்டு என்றால் ரேடியோ குழு எண் 0 முதல் 255 வரை இருக்கிறது, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று.

8. பொட்டலமும் படமும்

பாகங்களை வகைப்படி பிரிக்காமல் படிப்படியாகப் பிரியுங்கள். முதல் பையில் முதல் படிக்கு வேண்டியது மட்டும், இரண்டாவதில் இரண்டாவதுக்கு. பை காலியானால் படி முடிந்தது என்று பொருள், மிச்சமிருந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. விளக்க அட்டையில் படம் மட்டும் போதும், ஒரு படிக்கு ஒரு படம், புதிதாகச் சேர்வது மட்டும் வண்ணத்தில். பாகத்தின் உண்மையான அளவிலேயே படம் இருந்தால் பிள்ளைகள் திருகை அதன் மேல் வைத்தே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

முழுதாகப் பூட்டிய ரோபோ ஒன்றை நடுமேசையில் வையுங்கள். அட்டையைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

9. அன்றைக்கு

பூட்டிச் சோதித்த ரோபோ இரண்டு கூடுதலாக இருக்கட்டும், தனித்தனி மோட்டார், வயர் தொகுப்புகளும். எந்த மேசையிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பழுது பார்க்க வேண்டாம். சந்தேகப்படும் பாகத்தை மாற்றுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் ரோபோவையே மாற்றுங்கள். உடன் வரும் தன்னார்வலர்களுக்கு இதை முன்பே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்னணு தெரிந்தவருக்குக் கோளாறைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவர் ஒரு மேசையில் மூழ்கினால் மற்ற மூன்று மேசைகள் காத்திருக்கும். மாற்றிய பாகத்துக்கான காரணத்தைச் சாயங்காலம் தேடிக்கொள்ளலாம்.

இன்னொன்று: மூன்று பேர் கொண்ட குழுவில் ஒருவரே எல்லாம் செய்துவிடுவார். பை ஒன்றுக்கு ஒரு ஆள் என்று சொல்லிவிட்டால் அது தானாகச் சரியாகும், வேகமும் கூடும்.

10. கழற்றுவதும் திட்டத்தில் சேர்த்தி

அடுத்த அமர்வு அரை மணியில் என்றால் கழற்றும் நேரமும் பூட்டும் நேரம்தான். பிள்ளைகள் பூட்டிய அளவுக்கு மட்டும் அவர்களே கழற்றட்டும். நீங்கள் முன்கூட்டிப் பூட்டியதை யாரும் தொட வேண்டாம். முன்பே பூட்டிய திருகுகளின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து, 'வண்ணம் இருந்தால் தொடாதே' என்று சொல்லிவிடலாம். பையின் மேல் உள்ளே இருக்க வேண்டியவற்றின் படம் ஒட்டியிருந்தால் அவர்களே எண்ணிப் போடுவார்கள்.

ஜம்பர் முனைகள் சில அமர்வுகளுக்குப் பிறகு தளர்ந்துவிடும், லேசாக இழுத்தாலே கழன்று வரும். அப்படி ஒரு வயர் தொகுப்பு கிடைத்தால் தனியாக வைக்கிறேன் என்று பெட்டி ஓரத்தில் போடாதீர்கள். அந்த இடத்திலேயே கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டாத வயர் எப்படியோ நல்ல பைக்குள் திரும்பி வந்துவிடும்.